புறப்புண்: ஓடும் சிறுவனின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றியுள்ள ரோடுகளில் விடியற்காலை நாலரை மணிக்குப் போனால், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பையன்கள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இவர்கள் யாரும் விளையாட்டு வீரர்கள் அல்ல. 'செலக்ஷனுக்கு' ஓடுகிறவர்கள். காவலர் பணிக்கு ஆண்களிடம் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்கும் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ராணுவம் என்றால் 2022க்குப் பிறகு அக்னிபத். பெரும்பாலோருக்கு நான்கு வருஷத்தில் முடிந்துபோகிற வேலை. அதற்கும் ஓடித்தான் ஆக வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனபோது இவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதுசு. விழுந்து கிடந்த மரத்தின்மேல் அப்பன்காரன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்த பிள்ளைகள். சிலர் வீட்டில் சாராயம், சிலர் வீட்டில் சுரங்கத்துக்குப் போன நிலம், சிலர் வீட்டில் இரண்டும். ஒவ்வொருவனும் எதிலிருந்தோ ஓடுகிறான். ஆனால் எதை நோக்கி ஓடுகிறான் என்பதை மட்டும்தான் நாம் கேட்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டீக்கடை பெஞ்சில் இந்தப் பையன்கள் நாலைந்து பேருக்கு ஒரு நாவலின் கதையைச் சொன்னேன். கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'கோஸ்ட்' (2016). ஓட்டக்காரச் சிறுவன் ஒருவனின் கதை. கேட்டுமுடித்ததும் ஒரு பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவங்கம்மாவுமாண்ணே ஓடுச்சி?"

அந்தக் கேள்வியை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. இந்தக் குறிப்புகள் அதைத் திரும்பக் கேட்டுப்பார்க்கும் முயற்சிதான்.

2

கதை எளிமையானது. காஸில் கிரான்ஷா என்ற சிறுவன் தனக்குத்தானே 'கோஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு ராத்திரி, குடித்திருந்த அவன் தகப்பன் துப்பாக்கியை எடுத்து அவனையும் அவன் தாயையும் சுடுகிறான். இரண்டு பேரும் வீட்டைவிட்டு வெளியே பாய்ந்து ஓடி, பக்கத்திலிருக்கும் சிறு கடையின் சரக்கறைக்குள் ஒளிந்து உயிர் தப்புகிறார்கள். தனக்கு ஓடத் தெரியும் என்று அவன் கண்டுகொண்டது அந்த ராத்திரியில்தான். தகப்பன் சிறைக்குப் போன பிறகும் தாயும் மகனும் அறைக்குள் படுப்பதில்லை. முன்கூடத்தில் தரையில்தான் படுக்கை. மறுபடி ஓட வேண்டிவந்தால் கதவு பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒருநாள் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி நடப்பதைப் பார்க்கிறான். யாரும் கூப்பிடாமலே, போட்டிருந்த ஜீன்ஸோடு போய், அங்கிருப்பதிலேயே வேகமான பையனோடு சேர்ந்து ஓடிக் காட்டுகிறான். டாக்ஸி ஓட்டிப் பிழைக்கும் கோச் பிராடி அவனைக் குழுவில் சேர்த்துக்கொள்கிறார். அவரும் அதே ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர்தான், போதைக்கு அடிமையாகி அழிந்த தகப்பனின் மகன். ஓடுவதற்கு ஷூ வாங்கக் காசில்லாத காஸில் ஒரு ஜோடியைத் திருடுகிறான். களவு வெளிப்படுகிறது. கோச் அவனைக் கைவிடுவதில்லை.

இதுவரை வழக்கமான 'தடைகளைத் தாண்டி' கதைதான். கெய்தேயின் 'வில்ஹெல்ம் மைஸ்டர்' (1795–96) தொடங்கி ஐரோப்பா வளர்த்தெடுத்த வளர்ச்சி நாவலின் சட்டகம் இது. தறிகெட்டுத் திரியும் இளம் மனசு உலகத்தோடு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துசேர்வதுதான் அந்த வடிவத்தின் வேலை. பிராங்கோ மொரெட்டி 1987இல் இதைப் பற்றி எழுதியபோது, இளமைக்கும் சமூகத்துக்கும் இடையிலான சமரசத்தின் வடிவமாகவே அதைப் பார்த்தார். விளையாட்டு நாவல் இந்தச் சமரசத்தை இன்னும் சுலபமாக்கிவிடுகிறது: காயத்தை வேகமாக மாற்று, வேகத்தை மெடலாக மாற்று, கணக்கு நேர்.

'கோஸ்ட்' இந்தக் கணக்கை இரண்டு இடங்களில் குலைக்கிறது. முதலாவது, குழுவில் புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகளும் கோச்சோடு உட்கார்ந்து சாப்பிடும் இடம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். காஸில் தன் தகப்பன் சுட்ட கதையைச் சொல்கிறான். பந்தயத்துக்கு முன்னாலேயே, ஒரு சாப்பாட்டு மேசையில், 'நான் பயந்து ஓடினேன்' என்ற வாக்கியத்துக்கு இடம் கிடைத்துவிடுகிறது. அதைக் கேட்பவர்களும் ஆளுக்கொரு காயத்தோடு வந்தவர்கள். யாரும் சிரிப்பதில்லை, யாரும் தட்டிக்கொடுப்பதுமில்லை.

இரண்டாவது இடம் முடிவு. முதல் பந்தயத்தின் துவக்கக் கோட்டில் காஸில் நிற்கிறான். ஓட்டத்தைத் தொடங்கிவைப்பது துப்பாக்கிச் சத்தம். அன்று ராத்திரி கேட்ட அதே சத்தம். அந்தச் சத்தத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது. அவன் ஜெயித்தானா தோற்றானா என்று ஆசிரியர் சொல்வதில்லை. 1920இல் பிராய்ட், போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அதே குண்டுவெடிப்பு கனவில் திரும்பத் திரும்ப வருவதைப் பற்றி யோசித்தார்: இன்பத்தைத் தேடும் மனசு எதற்காக வலிக்குத் திரும்பிப் போகிறது? காஸிலும் திரும்பித்தான் போகிறான். ஆனால் இந்தத் தடவை அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவனை யாரும் துரத்தவில்லை. காயம் ஆறிவிட்டது என்று நாவல் சொல்லவில்லை. அதே சத்தத்துக்கு வேறொரு அர்த்தம் வர முடியும் என்று மட்டும் சொல்கிறது.

3

'ட்ரௌமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் புண். புண் என்றால் தமிழுக்குப் புதிதல்ல. புண்களை வகைபிரித்து மதிப்பெண் போட்ட மொழி நம்முடையது. மார்பில் பட்டால் விழுப்புண். முதுகில் பட்டால் புறப்புண். விழுப்புண் படாத நாளை வீணான நாள் என்று கழித்துவிடச் சொல்கிறது குறள். புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வெட்கப்பட்டு வடக்கிருந்து உயிரை விட்டதைப் புறநானூற்றின் 65ஆம் பாட்டு பேசுகிறது. எதிரியின் வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியாக வந்ததுதான் என்று சமாதானம் சொல்வதுண்டு. சமாதானம் தேவைப்பட்டது என்பதே விஷயம்.

தமிழின் முதல் 'வளர்ச்சிக் கதை' எது என்று என்னைக் கேட்டால் புறநானூறு 312ஐச் சொல்வேன். பொன்முடியார் பாட்டு. ஒரு பையனை ஆளாக்குவதில் தாய்க்கு ஒரு வேலை, தகப்பனுக்கு ஒரு வேலை, கொல்லனுக்கு ஒரு வேலை, அரசனுக்கு ஒரு வேலை. பையனுக்குக் கடைசி வேலை: யானையைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருவது. ஒரு சமூகமே சேர்ந்து ஒரு உடலைத் தயாரிக்கும் திட்டம் இது. 279ஆம் பாட்டில், அடுத்தடுத்த போர்களில் தன் ஆட்களைப் பறிகொடுத்தவள் மிச்சமிருக்கும் ஒரே மகனுக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். 278இல், மகன் முதுகு காட்டினான் என்ற பேச்சைக் கேட்ட கிழவி, அது மெய்யானால் அவன் பால்குடித்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். துண்டாகிக் கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட அதிகமாகச் சந்தோஷப்படுகிறாள்.

எம்.ஏ. வகுப்பில் இவற்றைத் துறை, திணை, 'மறத்தாய்' என்று படித்தோம். பரீட்சையில் எழுதினோம். மேடைகளில் இந்தத் தாய் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கைத்தட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். 279இல் வேலைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனுக்குப் பயமாக இருந்ததா என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பயந்து ஓடியவனுக்கு நம் மொழி என்ன பெயர் வைத்திருக்கிறது? புறங்கொடுத்தவன், பேடி, கோழை. பெண் ஓடினாலோ ஓடுகாலி. ஒரே வார்த்தையில் அவள் காலையும் ஒழுக்கத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்டாகிவிட்டது. ஓட்டம் என்ற செயலை இழிவாக்கி வைத்திருக்கும் சொல்லாடலுக்குள் ஓட்டக்காரன் ஒருவன் கதாநாயகனாக வர வேண்டுமானால், அவன் எதையும் விட்டு ஓடியிருக்கக் கூடாது. ஏதோ ஒன்றை நோக்கி மட்டுமே ஓட வேண்டும். 'ட்ரௌமா' என்று மேற்கு பேசுவதில் பெரும்பகுதி நம் கணக்கில் புறப்புண். அதைப் பேச நமக்குச் சொல் இல்லை, வசைதான் இருக்கிறது.

இங்கேதான் அந்தப் பையனின் கேள்விக்கு எடை கூடுகிறது. 'கோஸ்ட்' நாவலின் தாய் 278ஆம் பாட்டுத் தாயின் நேர் எதிர். அவள் மகனோடு சேர்ந்து முதுகு காட்டி ஓடியவள். ஓடியதால்தான் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்காக அவளை நாவல் எங்கேயும் நியாயப்படுத்திக்கொண்டிருப்பதில்லை.

4

தமிழில் இந்த விஷயத்துக்கு மிகக் கிட்டத்தில் வரும் பிரதி சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959). பிச்சியின் தகப்பன் அம்புலி பேர்போன மாடுபிடிகாரன். காரி என்ற காளையால் சாகிறான். மகன் வளர்ந்து, மச்சான் மருதனோடு செல்லாயி சல்லிக்கட்டுக்கு வந்து, ஜமீன்தாரின் அந்தக் காரியையே அணைகிறான். இளம் உடல், பழைய காயம், அதற்குப் பதில் சொல்லும் ஆட்டம். அமைப்பு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் பிச்சியின் காயம் பேசப்படும் காயம் அல்ல, தீர்க்கப்படும் கடன். தகப்பன் சாவு அவனுக்குள் என்ன செய்தது, ராத்திரிகளில் அவன் எப்படித் தூங்கினான் என்பதற்கு அந்தக் களத்தில் இடம் கிடையாது. இருப்பது மானம். அவனுக்குக் காளை கொடுக்கும் காயமும் தொடையில், முன்புறம். புறநானூற்றுக் கணக்குப்படி செல்லுபடியாகும் புண். தாய் குறுக்கே வந்து 'வேண்டாண்டா' என்று சொல்ல முடியாத ஆண்களின் திடல் அது.

செல்லப்பாவின் மேதைமை கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. வெறிகொண்டு ஆற்றுக்குள் போய் நிற்கும் காரியை ஜமீன்தார் தன் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறார். ஆடியது பிச்சி, ஜெயித்தது பிச்சி. ஆட்டத்தை முடித்துவைக்கும் சத்தம் மட்டும் ஜமீனுடையது. 2017 மெரினாப் போராட்டத்தையொட்டி 'வாடிவாசல்' வீரத்தின் கொடியாகப் பிடிக்கப்பட்டபோது இந்தத் துப்பாக்கிச் சத்தம் நம் காதில் விழவே இல்லை. 'கோஸ்ட்' நாவலில் துப்பாக்கி கதையைத் திறந்துவிடுகிறது. 'வாடிவாசலில்' மூடிவிடுகிறது. களம் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அதே 1959இல் இங்கிலாந்தில் ஆலன் சில்லிட்டோ 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' என்ற கதையை வெளியிட்டார். சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஸ்மித் என்ற தொழிலாளி வீட்டுப் பையன், பள்ளித் தலைவருக்குக் கோப்பை வாங்கித்தர ஓட விடப்படுகிறான். ரத்தத்தில் செத்துக் கிடந்த தகப்பனைக் கண்டெடுத்தவன் அவன். ஓடும்போது அது நினைவுக்கு வருகிறது. முன்னால் ஓடிக்கொண்டிருந்தவன் முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே வேண்டுமென்றே தயங்கி, அடுத்தவனை ஜெயிக்க விட்டுவிடுகிறான். என் காயத்தை உன் அலமாரிக் கோப்பையாக மாற்றித் தர மாட்டேன் என்பதுதான் அந்த நிற்றல். பிச்சிக்கு இந்தத் தேர்வு கிடையாது. அவன் தோற்றால் ஸ்மித்தைப் போல சுதந்திரன் ஆக மாட்டான், தகப்பனைப் போலப் பிணமாவான்.

நம் சினிமா இந்த இடத்துக்கு நாவலைவிட முந்தி வந்துவிட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலனின் தகப்பன் குத்துச்சண்டைக்காரனாக இருந்து அடிதடிக்குப் போய்க் கொல்லப்பட்டவன்; மகன் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அடிக்கிறாள் பாக்கியம். மணத்தி கணேசனின் கபடி வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' (2025) படத்தில் மகனை நினைத்து அஞ்சும் தகப்பன் வருகிறான். பெற்றவர்களின் பயம் ஒரு அறிவு, சாதிச் சமூகத்தைப் பற்றிய துல்லியமான அறிவு என்று இந்தப் படங்கள் காட்டின. ஆனாலும் பயம் அங்கே தாண்டிச் செல்ல வேண்டிய படிதான்.

ஓடியவளின் பக்கம் நின்று எழுதப்பட்ட நாவல் ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' (1999). ஒருத்தனைக் காட்டி இன்னொருத்தனுக்குக் கட்டிவைக்கப்பட்ட அஞ்சலை அந்த வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அதற்குப் பிறகு ஊர் அவளை விடுவதே இல்லை. அது விளையாட்டு நாவல் அல்லதான். ஆனால் ஓட்டத்தை இழிவாகப் பார்க்கும் மொழிக்குள்ளேயே நின்று, அதே நடுநாட்டுப் பேச்சில், ஓடியவளை மையமாக்கியிருக்கிறது. 'கோஸ்ட்' முழுக்கக் காஸிலின் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் ஒருவர் செந்தமிழைத் தேடிப் போக வேண்டாம், 'அஞ்சலை'யைப் படித்தால் போதும்.

5

இவ்வளவு சொன்ன பிறகு நான் 'கோஸ்ட்' நாவலைக் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பலவீனம் கோச். டாக்ஸி ஓட்டும் ஒரு நல்ல மனிதர், தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் போடும் அன்பால், அரசும் பள்ளியும் செய்யாததையெல்லாம் செய்துவிடுகிறார். அந்தத் தகப்பனின் கைக்குத் துப்பாக்கி எப்படி வந்தது, அவனை எது அப்படி ஆக்கியது என்ற கேள்விகள் சாராய வாடையோடு கரைந்துவிடுகின்றன. நல்லவர் ஒருவர் கிடைத்தால் பிழைக்கலாம் என்பது ஒரு கதைக்குப் போதும், அரசியலுக்குப் போதாது.

நல்லவர் கிடைத்தும் அமைப்பு என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் சாந்தி சௌந்தரராஜன் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் உழைத்த தலித் பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அதன்பின் அவர் உடம்பைச் சோதித்து, பெண் அல்ல என்று சொல்லி, மெடலைப் பிடுங்கிக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. ஆனால் 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை பார்ப்பதாகச் செய்தி வந்தது. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016இல்தான் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை. டூட்டி சந்த் வழக்கில் 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இத்தகைய விதியை நிறுத்திவைத்தபோதும் சாந்தியின் மெடல் திரும்பி வரவில்லை.

நாம் சொல்லிக்கொள்ளும் சூத்திரம் இங்கே தலைகீழாகிறது. இளம்பிராயத்துக் காயத்தை விளையாட்டு ஆற்றவில்லை; வறுமையைத் தாண்டி வந்தவருக்கு விளையாட்டு அமைப்பே புதுக் காயத்தைக் கொடுத்தது. அதுவும் எந்த உடம்பால் தாண்டினாரோ அந்த உடம்பின்மேலேயே. தண்டிக்கும் அதிகாரம் உடம்பை அளந்து, நேரம் குறித்து, பயனுள்ளதாக்கும் அதிகாரமாக மாறிய கதையை பூக்கோ 1975இல் எழுதினார். சாந்திக்கு அளவையும் தண்டனையும் ஒரே கையிலிருந்து வந்தன.

நம் பையன்களுக்கும் அளவை உண்டு. காவலர் தேர்வில் மார்பு சாதாரணமாக 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். புறநானூற்றுத் தாய் மார்பில் புண்ணைத் தேடினாள். வாரியம் மார்பில் சென்டிமீட்டரைத் தேடுகிறது. இரண்டுக்குமே மார்புதான் வேண்டும். முதுகைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே வட்டாரத்து முதனை ராசாகண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்டார். எந்தக் காக்கியைக் கண்டு பெரியவர்கள் தோப்புக்குள் ஓடி ஒளிந்தார்களோ, அதே காக்கியை நோக்கிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். இதை முரண் என்று சிரிப்பது சுலபம். அடிவாங்காமல் இருக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அடிக்கிற பக்கம் போய்ச் சேர்வது என்றால், அது யாருடைய தோல்வி?

ஆக, தமிழில் வர வேண்டிய ஓட்டக்காரச் சிறுவனின் நாவல் மெடலில் முடிவதா தோல்வியில் முடிவதா என்பது இரண்டாம்பட்சம். அதற்குள் அந்தச் சாப்பாட்டு மேசை இருக்கிறதா என்பதே கேள்வி. 'நான் பயந்தேன், ஓடினேன், எங்கம்மாவும் ஓடினாள்' என்று வெட்கமில்லாமல் சொல்வதற்கு ஒரு பெஞ்சு, கேட்பதற்கு நான்கு பேர்.

6

இந்த முடிவோடு கட்டுரையை நிறுத்திவிட நினைத்தேன். முடியவில்லை.

"ஆமாண்டா, அம்மாவும்தான் ஓடுச்சி" என்று அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பதில் சொல்லியிருந்தேன். நாவலின் தாயைப் பற்றி இன்னும் கொஞ்சம் விளக்கவும் தொடங்கினேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"எங்கம்மா ஓடலண்ணே. கதவு தாப்பா போட்டிருந்துச்சி."

அவ்வளவுதான் சொன்னான். பெஞ்சில் நாலு பேர் இருந்தோம். நான் கேட்ட மேசைதான் அது. யாருக்கும் வாய் வரவில்லை. என்னிடம் பிரதி இருந்தது, தன்னிலை இருந்தது, பிராய்ட் இருந்தார். ஓட முடியாமல் போனவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் இல்லை. ஓடியவர்களின் மானத்தை மீட்க இவ்வளவு பக்கம் எழுதிவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுபோனவளுக்கு, நின்றுபோனவளை விட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைக்கு, என் வாதத்தில் எந்த வரி பொருந்தும் என்று தெரியவில்லை. அந்த நாவலை எழுதப்போகிறவர் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

மறுநாள் விடியற்காலை அவன் ஓடிக்கொண்டிருந்தான். ரோட்டோரம் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த பையன், அவன் வந்துசேர்ந்ததும் கத்தினான்: "ஆறு அம்பத்திரெண்டு!" எட்டு வினாடி மிச்சம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.